சரசு அத்தைக்குக் கொடுக்காத சம்பளம்

தம்பி,

சாப்பிட்டுட்டுத்தான் இதைப் படிக்கணும். வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து, குளிச்சு, ஒரு வாய் சோறு உள்ள போனதுக்கு அப்புறம் படி. போன்லயே சொல்லிடலாம்னு மூணு தடவை உன் நம்பரை அமுக்கினேன். "அப்பா, அம்மா எப்படி இருக்காங்க?"ன்னு நீ கேட்டதும் என் வாய் "இருக்காப்பா, இருக்கா"ன்னு சொல்லிட்டு மூடிக்குது. முப்பது வருஷம் லாரி ஓட்டினவன் நான். ஜே.பி. டவுன் ரோட்டுல எவன் குறுக்க வந்தாலும் கண்ணாடியை இறக்கி அவன் பரம்பரையையே விசாரிச்சு அனுப்பினவன். பெத்த பிள்ளைகிட்டப் பேச வாய் வரலன்னா பாத்துக்கோ. அதனால சீனர் கடையில நோட்டுப் புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்து உக்காந்து எழுதுறேன். முடிச்சதும் பக்கம் பக்கமா போட்டோ புடிச்சு அனுப்புறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கோ.

போன புதன்கிழமை நீ பேசினது இன்னும் என் காதுக்குள்ளயே சுத்திக்கிட்டு இருக்கு. அம்மாவுக்கு முதுகுல புண்ணு வந்து, குளுவாங் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்த மறுநாள் அது. "அம்மாவை ஸ்கூடாய் முதியோர் ஹோம்லயே சேர்த்துடுவோம்பா. கல்யாணத்தைத் தள்ளி வெக்கிறேன், திவ்யாகிட்ட நான் பேசிக்கிறேன். மோட்டார் சைக்கிளை வித்துடுறேன். எதை வேணும்னாலும் விக்கலாம், ஆனா நீங்க வேர்வை சிந்தி எனக்குன்னு செஞ்சு வெச்ச தாலிக்கொடியை மட்டும் தொட மாட்டேன்"னு சொன்ன. நான் "சரிப்பா"ன்னேன். எப்படித்தான் அந்த வார்த்தை என் வாயில வந்துச்சோ தெரியல. தம்பி, அந்தக் கொடியில என் வேர்வை ஒரு சொட்டு கூட இல்ல. நீ சரசு அத்தைக்குன்னு மாசாமாசம் அனுப்பின சம்பளம்தான் அது. அவளுக்கு நான் குடுக்கல.

இரு, போனைத் தூக்கி எறிஞ்சிடாத. ஒண்ணையும் மறைக்காம முதல்லேருந்து சொல்றேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில "இனிமே வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க"ன்னு அனுப்பினப்ப நம்ம ரெண்டு பேருமே முழிச்சோமே, ஞாபகம் இருக்கா? நீ லீவு முடிஞ்சு போகணும். எனக்கு ஒரு டீ கூட ஒழுங்காப் போடத் தெரியாது. அப்பத்தான் நாலு வீடு தள்ளி இருக்கிற சரசு தானா வந்தா. "அண்ணே, நீங்க வெளிய இருங்க, நான் அண்ணியைத் துடைச்சு விடுறேன்"னு கதவைச் சாத்திக்கிட்டா. புருஷன் போய்ச் சேர்ந்து, பொண்ணையும் பினாங்குக்குக் கட்டிக் குடுத்துட்டு ஒத்தையில இருக்கிறவ. செம்பனைத் தோட்டத்துல உதிர்ந்த பழம் பொறுக்கிப் பொறுக்கிக் காய்ச்சுப் போன கை. அந்தக் கையை வெச்சு உங்கம்மாவை எப்படிப் புரட்டுவா தெரியுமா, ஒரு முனகல் கூட வெளிய கேக்காது. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, மழையோ வெயிலோ வந்துடுவா. நீ அதைப் பாத்துட்டு, "சும்மா வாங்கக் கூடாதுப்பா, மாசம் எண்ணூறு வெள்ளி அனுப்புறேன், அத்தை கையில குடுத்துடுங்க"ன்னு சொன்ன. அத்தை கணக்குக்கே நேரா அனுப்பட்டுமான்னும் கேட்ட. நான்தான் பெரிய மனுஷனாட்டம், "வேணாம், என் கையால குடுத்தாத்தான் அது மரியாதை"ன்னு சொன்னேன்.

முதல் மாசம் ஆயர் ஈத்தாமுக்குப் போய் பேங்குல காசை எடுத்துட்டு வந்தேன். உறையில போட்டு சட்டைப் பையிலயும் வெச்சுக்கிட்டேன். சத்தியமா குடுக்கணும்னுதான் இருந்தேன். அவ உள்ளேருந்து துணியைப் பிழிஞ்சுக்கிட்டு வந்து, "அண்ணி இன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாங்கண்ணே"ன்னு சிரிச்சா. அந்த முகத்தைப் பாத்துக்கிட்டு உறையை நீட்ட எனக்குக் கை வரல. நம்ம தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு இது ஒரு வியாதி, தம்பி. ஒரு வீட்டுல ஆள் விழுந்தா பக்கத்து வீட்டுக்காரி போய்க் கழுவி விடுவா. அந்த வீட்டுல சாவு விழுந்தா இவங்க போய் சோறாக்குவாங்க. அதுக்கு யாராவது காசு நீட்டினா "என்னை என்ன கூலிக்காரின்னு நெனச்சியா?"ன்னு சண்டைக்கு வருவாங்க. அண்ணேன்னு கூப்பிடுறவளுக்குச் சம்பளம் குடுத்தா அவளை வேலைக்காரி ஆக்கின மாதிரின்னு தோணுச்சு. உறை பையிலயே இருந்துச்சு. தீபாவளிக்குத் தட்டுல சேலை, பழம், வெத்தலை பாக்கு வெச்சு உங்கம்மா கையால குடுக்க வெச்சேன். மாசம் ஒரு மூட்டை அரிசி போட்டேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டா. பாத்தியா, நம்ம சனம்னா நம்ம சனம்தான்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன்.

இது மட்டும்தான் காரணம்னு சொன்னா நான் பொய்யன். மூணாவது மாசம் நீ திவ்யாவைப் பத்திச் சொன்ன. பொண்ணு வீட்டுல எல்லாரும் படிச்சவங்க, அவ அப்பா வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவருன்னு சொன்ன. தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டுல போடணும். உன் அப்பன்கிட்ட என்ன இருக்கு? ஐம்பத்தஞ்சு வயசுல ஈ.பி.எஃப். சேமிப்புக் காசை மொத்தமா எடுத்து, கூட வேலை பாத்தவன் பேச்சைக் கேட்டு ஒரு பழைய லாரி வாங்கினேன். உங்கம்மா வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டா. "பொம்பளைக்கு என்ன தெரியும்"னு வாயை அடைச்சேன். அது ஆறு மாசம் ஓடுச்சு, அப்புறம் ஒர்க்‌ஷாப்புல படுத்தது எந்திரிக்கவே இல்ல. அந்தக் காசு இருந்திருந்தா இன்னிக்கு உங்கம்மாவுக்கு ஆளும் வெச்சிருக்கலாம், உனக்குக் கொடியும் போட்டிருக்கலாம். ஒண்ணும் இல்லாம சம்பந்தி முன்னாடி நிக்கிறதை நெனச்சா மானம் கப்பலேறின மாதிரி இருந்துச்சு. பையில இருந்த உறையை எடுத்துக்கிட்டு குளுவாங் நகைக்கடைக்குப் போனேன். மாசாமாசம் கட்டுற திட்டம் ஒண்ணு இருந்துச்சு, சேர்ந்துட்டேன். கொடியை வாங்கி வந்து உன் கையில வெச்சப்ப நீ அழுத. நானும் அழுதேன். நீ எதுக்கு அழுதன்னு எனக்குத் தெரியும், நான் எதுக்கு அழுதேன்னு உனக்குத் தெரியாது.

பதினாலு மாசம் வந்தா, தம்பி. நம்ம தாமான் குடியிருப்புல அவ நம்ம வீட்டை மட்டும் பாக்கல. கோடி வீட்டுத் தாத்தாவுக்குக் கால் எடுத்தப்ப கட்டுப் போட்டு விட்டது அவதான். கோயிலுக்குப் பின்னாடி இருக்கிற ரெண்டு கிழவன் கிழவிக்கு மருந்து பிரிச்சு வெச்சது அவதான். நாங்க எல்லாரும் அவளுக்கு அரிசியும் சேலையும் குடுத்து "நம்ம சரசு, தங்கமான பொம்பளை"ன்னு வாயாலயே வயித்தை ரொப்பிட்டோம். நம்ம இடத்துல இப்ப பிள்ளைங்க எவன் இருக்கான்? பாதி பேர் ஜே.பி., பாதி பேர் சிங்கப்பூர். கோயில்ல திருவிழான்னா சாமியைத் தூக்க ஆள் இல்லாம வேன்ல வெச்சு இழுக்கிறோம். இப்படி இருக்கிற ஊருல ஆளைத் தூக்கிப் புரட்டத் தெம்பு உள்ளவ ஒருத்திதான் இருந்தா, அவ பாட்டுக்கு இருந்துடுவான்னு நெனச்சோம். மூணு மாசத்துக்கு முன்னால ஒரு காலையில அம்மாவுக்குத் தலை வாரி விட்டுட்டு வந்து, "அண்ணே, ஸ்கூடாய்ல ஒரு முதியோர் ஹோம்ல வேலை கெடைச்சிருக்கு. சம்பளம், தங்க ரூமு, ஈ.பி.எஃப். எல்லாம் உண்டு. திங்கக்கிழமையிலேருந்து வர முடியாதுண்ணே"ன்னு சொன்னா. அலமாக், எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "காசுன்னதும் ஓடுறியா?"ன்னு கேட்டேன். ஆமா தம்பி, நான்தான் கேட்டேன். அவ சம்பளத்தைப் பீரோவுல பூட்டி வெச்சுக்கிட்டு அந்த வார்த்தையைக் கேட்டேன். அவ செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அப்புறம் அம்மாவை நான் பாத்துக்கிட்டேன். பாத்துக்கிட்டேன்னு சொல்றதே தப்பு, தடுமாறினேன். உங்கம்மா ரொம்ப வெக்கக்காரி. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் என் முன்னால சேலை மாத்தினது கெடையாது. நான் வாளியைத் தூக்கிட்டு உள்ள போனாலே கண்ணை இறுக்கி மூடிக்குவா. துடைக்கத் துடைக்க மூடின கண்ணுலேருந்து தண்ணி வழியும். "இப்ப எதுக்கு அழுவுற?"ன்னு நான் எரிஞ்சு விழுவேன். எனக்குப் பதட்டம், அதனால கத்துறேன்னு அவளுக்குத் தெரியும், ஆனா கத்தல் கத்தல்தானே. என்னைப் பெத்தவ படுத்த படுக்கையா கெடந்தப்ப ஆறு வருஷம் கழுவி விட்டவ இவதான். ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. அது ஒரு வேலைன்னே நான் அன்னிக்கு நெனச்சதில்ல, சாயங்காலம் வந்தா சோறு இருக்கும், அம்மா சுத்தமா இருப்பாங்க, அவ்வளவுதான். இப்ப என் இடுப்பு வலிக்கும்போதுதான் அந்த ஆறு வருஷம் எவ்வளவு நீளம்னு தெரியுது.

ஆள் தேடாம இல்ல. ஜே.பி. ஏஜென்டுக்குப் போன் போட்டா, "அங்கிள், உங்க இடம் ரொம்ப உள்ள லா, எங்க ஆளுங்க வர மாட்டாங்க. வந்தாலும் பெட்ரோல் காசு தனி, தங்குறதுக்கு ரூமு வேணும்"னு ஒரு கணக்குச் சொன்னான். தலை சுத்திப் போச்சு. இந்தோனேசியாக்காரப் பொண்ணு எடுக்கலாம்னா முன்பணமும் சம்பளச் சீட்டும் கேக்குறாங்க. என்கிட்ட ஏது சம்பளச் சீட்டு? உதவிப் பணத்துக்கு வெல்பேர் ஆபிஸ்ல போய்க் கேட்டேன். மகன் எங்க வேலைன்னு கேட்டாங்க. சிங்கப்பூர்னு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், அப்ப அவரு உதவலாமேன்னு சிரிச்ச முகமாச் சொல்லி அனுப்பிட்டாங்க. இதுக்கு நடுவுலதான் அந்தப் புண்ணு. முதல்ல சிவப்பா இருந்துச்சு, கொசு கடிச்சிருக்கும்னு தைலம் தடவினேன். அடுத்த வாரம் அம்பது காசு அகலத்துக்குத் தோல் விட்டுப் போச்சு. ஆஸ்பத்திரி மிஸ்ஸி, சின்ன மலாய் நர்ஸ் பொண்ணு, என்னை மேலயும் கீழயும் பாத்து, "பக்சிக், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும், யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டுச்சு. சரசு சொல்லிட்டுத்தான் போனா. நான்தான் கோவத்துல காதுல வாங்கல.

நீ புதன்கிழமை பேசினதுக்கு அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளல. வியாழக்கிழமை கோயில் தலைவர் சம்சாரத்தை அம்மா பக்கத்துல உக்கார வெச்சுட்டு, ஆயர் ஈத்தாமுக்குப் போய் பஸ் ஏறி ஸ்கூடாய் போனேன். சரசு போன பிறகும் வேற ஆள் வெக்கச் சொல்லி நீ அனுப்பிக்கிட்டு இருந்த காசுல மூணு மாசத்துது கையில இருந்துச்சு. அதை உறையில போட்டுக்கிட்டேன். எப்படியாவது கெஞ்சிக் கூட்டிட்டு வந்துடலாம்னு நெனப்பு. ஹோம்ல சரசு நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒரு சீனப் பெரியவருக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் "அண்ணி எப்படி இருக்காங்க?"ன்னுதான் முதல்ல கேட்டா. புண்ணைப் பத்திச் சொன்னேன். கரண்டியைக் கீழ வெச்சுட்டா. நான் உறையை நீட்டி, "தப்பா எடுத்துக்காத சரசு, உன்னைக் கூலிக்காரியா நெனச்சுக் குடுக்கல"ன்னு என்னமோ உளறினேன். அவ வேணாம்னு தள்ளுவா, நான் வற்புறுத்துவேன், அப்படித்தான் நடக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போனேன்.

அவ வாங்கிக்கிட்டா, தம்பி. பட்டுன்னு வாங்கி சட்டைப் பையில வெச்சுக்கிட்டா. "நான் செஞ்ச வேலைக்குக் காசுதானேண்ணே, இதைக் குடுக்க ஏன் இப்படிக் கூனிக் குறுகுறீங்க? மீதி எப்ப தருவீங்க?"ன்னு கேட்டா. மீதின்னு ஒண்ணு இருக்கிறது உனக்கு எப்படித் தெரியும்னு அவகிட்டக் கேட்டேன். தம்பி, நீ ஒவ்வொரு மாசமும் அவளுக்குப் போன் பண்ணி, "அத்தை, அப்பா காசு குடுத்தாரா?"ன்னு கேட்டிருக்க. அவ ஒவ்வொரு மாசமும் "குடுத்தாரு தம்பி, நல்லா இரு"ன்னு சொல்லியிருக்கா. பதினாலு மாசம்! "ஏன் சரசு அப்படிச் சொன்ன?"ன்னு கேட்டேன். "நான் இல்லன்னு சொன்னா தம்பி வந்து உங்களைக் கேக்கும். அப்பனும் மகனும் முட்டிக்கிட்டா நடுவுல அண்ணிதானே படுத்திருக்காங்க. நாளைக்குக் குடுப்பாரு, அடுத்த மாசம் குடுப்பாருன்னு இருந்தேன்"னா. அப்புறம் கொஞ்சம் குரல் தாழ்த்தி, "எனக்கும் ஒரு நாள் இடுப்பு விழும்ணே. அப்ப என்னை யாரு பாக்குறது? சேலையை வித்தா ஆள் வெக்க முடியும்?"னு கேட்டா. நாக்கைப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு.

திரும்பி வருவியான்னு அதுக்கு மேலயும் வெக்கத்தை விட்டுக் கேட்டேன். வர மாட்டேன்னுட்டா. கோவமா சொல்லல. "அண்ணியைக் கொண்டு வாங்க, இந்த மாசக் கடைசி வரைக்கும் ஒரு கட்டில் காலியா இருக்கு. இங்கன்னா நான் சம்பளத்துக்குப் பாக்குறேன், ஒரு குறையும் வராது"ன்னா. மாசம் ரெண்டாயிரத்து அறுநூறு வெள்ளி, பேம்பர்ஸ் தனி, ஒரு மாச முன்பணம். ஆபிஸ்ல சேர்க்கிறதுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க. காசு கட்டுறவர் பேர்னு ஒரு கோடு போட்டிருக்கு. அதுல என் பேரை எழுத எனக்கு வக்கில்ல, உன் பேரை எழுத யோக்கியதை இல்ல. அப்படியே மடிச்சுப் பீரோவுல வெச்சிருக்கேன், கொடியும் அங்கேதான் இருக்கு. கொடியை வித்தா சரசுவுக்குச் சேர வேண்டியதும் முன்பணமும் வரும். ஆனா அதை மாரியம்மன் முன்னால வெச்சுப் பூசை பண்ணி, திவ்யா வீட்டுக்கெல்லாம் போட்டோ அனுப்பியாச்சு. வித்துட்டா அந்த வாத்தியாருக்கு நீ என்ன சொல்லுவ? விக்காம கட்டினா, அந்தப் பொண்ணு கழுத்துல அதைப் பாக்குறப்பெல்லாம் உனக்கு என்ன தோணும்? எப்படித் திருப்பிப் போட்டாலும் எனக்கு வழி தெரியல. நீதான் முடிவு எடுக்கணும். உனக்கு ஒரு புத்தி மட்டும் சொல்லிக்கிறேன், சொல்ற தகுதி போயிடுச்சு, இருந்தாலும் அப்பன். யாராவது உனக்காக முதுகு வளைஞ்சு வேலை செஞ்சா, அது திவ்யாவாவே இருந்தாலும், நம்ம ஆளுதானேன்னு மட்டும் நெனச்சுடாத. அந்த வார்த்தையை வெச்சுத்தான் நான் ஒருத்தியை ஏமாத்தினேன், இன்னொருத்தியைப் புண்ணோட படுக்கப் போட்டேன்.

ஊருக்குத் திரும்பி வந்து எல்லாத்தையும் அம்மாகிட்டச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் வரும்னு உனக்குத் தெரியும். இப்பவும் காலையில கண்ணு முழிச்சா "சரசு"ன்னுதான் கூப்பிடுறா. நான் சொல்லச் சொல்ல சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் கோணின வாயால, மூச்சு வாங்க வாங்க, "தம்பிக்கு... சொல்லாத"ன்னா. விழுந்ததுலேருந்து அவ முழுசாப் பேசினது இது ஒண்ணுதான். என்னைக் காப்பாத்தவா, உன் மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சாளா, தெரியல. அவ பேச்சை மீறித்தான் இதை எழுதுறேன். லாரி வாங்குறப்ப மீறினேன், இப்பவும் மீறுறேன்.

சனிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்க. அதுக்கு முன்னால வர முடியும்னா வா. என்னைத் திட்டு, பேசாம இரு, கல்யாணத்துக்கே வராதேன்னு சொல்லு, எதுக்கும் நான் பதில் பேச மாட்டேன். ஆனா வீட்டுக்குள்ள வந்ததும் என்னைப் பாக்காம நேரா உள்ள போய் அம்மாவைத் தூக்கித் திருப்பிப் படுக்க வை. மணி பாத்துப் பாத்துத்தான் நானும் எந்திரிச்சுப் போறேன். நேத்து ரெண்டு தடவை முடிஞ்சுது. இன்னிக்குக் காலையிலேருந்து அவ ஒரே பக்கமாத்தான் படுத்திருக்கா, தம்பி. என் கைக்குத் தூக்க முடியல.

அப்பா